குடலுருவியின் கை

பிப்ரவரி 12, திங்கள்

காலை நடை நாற்பது நிமிடம். பிரஷர் மாத்திரை போட்டாயிற்று. மோட்டார் மறுபடி காற்று இழுக்கிறது.

எதிர்வீட்டுப் பழைய பங்களாவை சினிமாக்காரர்கள் பதினெட்டு நாளைக்குப் பிடித்திருக்கிறார்கள். பேய்ப் படமாம். பெயர் 'குடலுருவி'. முப்பத்தேழு வருடம் ரயிலில் டி.டி.ஆராக இருந்தவன் நான். எத்தனையோ விதமான ஆட்களைப் பார்த்தாயிற்று. கக்கத்தில் ஆட்டுக்குடலை இடுக்கிக்கொண்டு ஒருவன் எனக்கு குட்மார்னிங் சொன்னது இன்றுதான் முதல் தடவை.

கை நீட்டினேன், சௌந்தரம் காப்பியைக் கொடுத்தாள். சீனி ஒரு சிட்டிகை கூடுதல். தொண்டையை இரண்டு முறை செருமினேன். புரிந்துகொண்டு வேறு கொண்டுவந்தாள். முப்பத்தாறு வருடக் குடித்தனத்தில் எங்களுக்குள் பேச்சு அதிகம் தேவைப்பட்டதே இல்லை. அந்த அளவுக்கு ஒற்றுமை.

பிப்ரவரி 14, புதன்

மதியம் முழுக்க சௌந்தரம் எதிர்வீட்டில்.

"அந்தப் பயலுகளுக்குக் குடல் கழுவவே தெரியலங்க. மஞ்சப்பொடி போடாம, சுடுதண்ணி ஊத்தாம அப்பிடியே தொங்க விட்ருக்காய்ங்க. வீச்சம் தெருமுக்கு வரைக்கும் அடிக்குது. நான் போயி நாலு தண்ணி அலசிக் குடுத்துட்டு வந்தேன்" என்றாள்.

மதுரையில் குடல் குழம்பு வைக்கிற கை அது. பார்த்துக்கொண்டு சும்மா இருக்காது. ஆனால் என் நான்கு மணி காப்பி இருபது நிமிடம் தாமதம். பதிவு செய்கிறேன்.

பிப்ரவரி 17, சனி

படத்தின் டைரக்டர் தினகர் வீட்டுக்கே வந்துவிட்டான். தேனிப் பக்கத்துப் பையன். முப்பது வயதிருக்கும், தாடி அறுபது வயதுக்கு இருக்கிறது. பேயாக நடிக்கச் சென்னையிலிருந்து வந்த நடிகைக்கு சவுரி முடி ஒத்துக்கொள்ளாமல் உடம்பெல்லாம் தடித்து, பஸ் ஏறிவிட்டாளாம்.

"அய்யா, அம்மாவ அந்த வேசத்துக்கு அனுப்புங்கய்யா. நேத்து எங்க ஆளுங்ககிட்ட ஒண்ணு நடிச்சுக் காமிச்சாங்க. லைட்மேன் பயந்துபோயி வாளியக் கீழ போட்டுட்டாரு."

என்ன நடித்தாய் என்று சௌந்தரத்தைப் பார்த்தேன். "சும்மா, நம்ம வீட்ல நடக்குறதுதான்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். இவளுக்கு நடிப்பு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை.

யோசித்துச் சம்மதித்தேன். நிபந்தனைகளை என் கைப்படவே எழுதிக் கொடுத்தேன். முகம் தெரியக்கூடாது, முடியால் மூடிவிட வேண்டும், சொந்தபந்தம் பார்க்கும். வசனம் கூடாது. ஆண்களைத் தொடக்கூடாது. இந்த இடத்தில் தினகர் தலையைச் சொறிந்தான், பேய் எப்படிக் குடலை உருவுவது என்றான். குடலைத் தொடலாம், ஆளைத் தொடக்கூடாது என்று திருத்தி, பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன். மாலை நான்கு மணிக்குள் வீடு திரும்ப வேண்டும்.

"மொகமும் இல்ல, பேச்சும் இல்லன்னா அம்மா எத வச்சுய்யா நடிப்பாங்க?" என்றான்.

"கை இருக்குல்லப்பா" என்றேன்.

பிப்ரவரி 22, வியாழன்

தினகர் மாலையில் எங்கள் வாசலில் அரை மணி நேரம் நின்றான். நான் இஸ்திரிக்காரரிடம் சட்டை வாங்குவதையும், கேபிள்காரரிடம் ரசீது வாங்குவதையும் கண் கொட்டாமல் பார்த்தான். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கும் பெரியவர்களிடம் கற்றுக்கொள்ளும் ஆசை இருக்கத்தான் செய்கிறது.

மார்ச் 1, வெள்ளி

படப்பிடிப்பு முடிந்து பூசணிக்காய் உடைத்தார்கள். சௌந்தரம் கையில் ரத்தத்துக்காகப் பூசிய பீட்ரூட் சாயம் போகவில்லை. பரிமாறும்போது பார்க்கச் சகிக்கவில்லை.

ஆகஸ்ட் 9, வெள்ளி

'குடலுருவி' வெளியானது. 'ஏ' சான்றிதழ். கொள்கையளவில் நான் அப்படிப்பட்ட படங்களைப் பார்ப்பதில்லை. 1983இல் பாலக்காட்டில் பார்த்தது கணக்கில் வராது. அது எனக்குப் புரியாத மொழி.

சௌந்தரம் தெருப் பெண்கள் ஏழு பேரோடு பதினொரு மணிக் காட்சிக்குப் போனாள். வரும்போது எல்லோர் கண்ணும் சிவந்திருந்தது. பயந்து அழுதார்களா என்று கேட்டேன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அவரவர் வீட்டுக்கு ஓடினார்கள். மதியம் வெறும் ரசம்.

ஆகஸ்ட் 10, சனி

விமர்சனங்கள் வரத் தொடங்கிவிட்டன. கத்தரித்து இந்த டைரியிலேயே ஒட்டுகிறேன்.

பத்திரிகை: 'குடலைத் தவிர இந்தப் படத்திலிருந்து வேறெதுவும் வெளியே வரவில்லை.' செல்போனில் ஒரு கறுப்புக் கண்ணாடிக்காரன் ஐந்துக்கு ஒன்றேகால் கொடுத்துவிட்டு, ஹீரோயினைக் குளிக்க வைப்பதும் ஹீரோவைக் கிழிப்பதும் தவிர டைரக்டருக்கு ஒன்றும் தெரியவில்லை என்கிறான். இன்னொருவன் கண் கலங்கி, "உண்மையான பயம்னா இதான் நண்பர்களே, அந்தக் கை, என்னால சோறு திங்க முடியல" என்கிறான். சேலத்தில் ஒருவர் மயங்கி விழுந்தாராம். ஈரோட்டில் ஆம்புலன்ஸ் நிறுத்தியிருக்கிறார்களாம். அது விளம்பரத்துக்காக இருக்கலாம்.

விசேஷம் என்னவென்றால், எங்கள் தெருக்காரர்கள் மட்டும் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறார்கள். ஒரே படம் சேலத்தில் மயக்கம், மதுரையில் சிரிப்பு. இங்கே தியேட்டரில் ஒலிபெருக்கி சரியில்லை என்று நினைக்கிறேன்.

மகள் மங்கை கோயம்புத்தூரிலிருந்து பேசினாள்.

"தியேட்டரே அலறுதுப்பா. நான் மட்டும் சிரிக்கிறேன். பக்கத்து சீட்டு அம்மா என்னய வெளிய அனுப்பச் சொல்லி ஆளக் கூப்புட்டாங்க."

"அப்படி என்ன சிரிப்பு?"

மூக்கை உறிஞ்சினாள். "அப்பா, நீங்க இந்தப் படத்தப் பாக்காதீங்கப்பா."

என் பிரஷர் மேல் அவளுக்கு அத்தனை அக்கறை.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

மூன்றாவது நாளே வெற்றி விழா. சினிமாவில் அதுதான் வழக்கமாம். நான்காவது நாள் படம் ஓடுகிறதோ இல்லையோ என்ற பயம். கேக்கைக் குடல் மாதிரி சுருட்டிச் செய்திருந்தார்கள். சௌந்தரம் மட்டும் சாப்பிட்டாள்.

மேடையில் தினகர் என் காலில் விழுந்தான். "அய்யா இல்லேன்னா இந்தப் படமே இல்ல" என்று மைக்கில் சொல்லித் தழுதழுத்தான். நிபந்தனைகளோடு அனுமதி கொடுத்ததை அவன் மறக்கவில்லை. பிறகு போட்டோக்காரர்கள் என்னைச் சூழ்ந்துகொண்டு, "சார், ஒரு தடவ கைய நீட்டுங்க" என்றார்கள். பரிசு ஏதோ தரப்போகிறார்கள் என்று நீட்டினேன். ஒன்றும் தரவில்லை. கைதட்டினார்கள்.

ஆகஸ்ட் 12, திங்கள்

காலை நடையில் கோமதிநாயகம். திருநெல்வேலிக்காரர், நெடுங்காலம் ரயில் கார்டாக இருந்து என்னோடு ஒரே மாதத்தில் ஓய்வு பெற்றவர். பார்க்கில் உட்கார்ந்ததும் வழக்கம்போலப் பேப்பருக்குக் கை நீட்டினேன். அந்த மனுஷன் வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டார். உடம்புக்கு என்னவோ என்று பதறிப்போனேன்.

"ஒண்ணுமில்லவே. படம் பாத்தேன்" என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "சௌந்தரம் கெட்டிக்காரிவே. முப்பது வருசமா நானும் பாத்துக்கிட்டுதான இருக்கேன், எனக்குத் தோணலியே."

எது தோன்றவில்லை என்று சொல்லவில்லை. பேப்பரை என் மடியில் வைத்துவிட்டு எட்ட நின்றுகொண்டார்.

ஆகஸ்ட் 14, புதன்

இரண்டாம் பாகம் எடுக்கப் போகிறார்களாம். குற்றாலத்தில் நாற்பது நாள். சௌந்தரத்தைப் போனில் கேட்டிருக்கிறார்கள். அவள் "பாப்போம்" என்றது என் காதில் விழுந்தது. அவள் "பாப்போம்" என்று சொன்ன காரியம் எதுவும் நின்றதில்லை.

எனக்கு இதில் பொறாமை ஒன்றும் இல்லை. ஆனால் நடுநிலையான விமர்சனம் என்று ஒன்று வேண்டாமா? படத்தின் இணையப் பக்கத்தில் 'நடுநிலை ரசிகன்' என்ற பெயரில் நான்கு வரி எழுதினேன். பேயாக நடித்திருப்பவரின் நடிப்பு இயல்பாக இல்லை, நிஜ வாழ்வில் எவரும் இப்படிக் கை நீட்டுவதில்லை, இவர் நடிப்பைத் தொடராமல் இல்லத்தில் இருப்பது நலம்.

மாலைக்குள் இருநூற்றுப் பன்னிரண்டு பேர் என்னைத் திட்டிவிட்டார்கள். ஒருவன் என் குடலின் நீளத்தை விசாரித்திருக்கிறான்.

சாப்பாட்டு நேரத்தில் சௌந்தரம் அதை எனக்கே வாசித்துக் காட்டினாள். "எவனோ வயித்தெரிச்சல் புடிச்சவன்" என்றாள். பிறகு கண்ணாடியை இறக்கிவிட்டு, "ஆனா கமா, புள்ளியெல்லாம் கரெட்டா வச்சிருக்கான். ரிட்டயர்டு ஆளாத்தான் இருக்கணும்" என்றாள்.

எனக்கு ஒரு கரண்டி மோர் கூடுதலாக ஊற்றினாள்.

ஆகஸ்ட் 17, சனி

கேட்டேவிட்டாள். கேட்டாள் என்றுகூடச் சொல்ல முடியாது.

"முப்பதாம் தேதி காலைல கெளம்புறேங்க. நாப்பது நாளு. மாவு அரைச்சு வச்சிட்டுப் போறேன், பொடியெல்லாம் இடிச்சு வச்சிட்டுப் போறேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு மெஸ்காரம்மாகிட்ட சொல்லிருக்கேன்."

"நான் இன்னும் சரின்னு சொல்லல."

"சொல்லுங்க."

இந்த வீட்டில் அவள் நாற்பது நாள் இல்லாமல் இருந்தது மங்கை பிரசவத்துக்குத்தான். அந்த நாட்களின் டைரியை எடுத்துப் பார்த்தேன். முதல் வாரத்துக்குப் பிறகு ஒன்றுமே எழுதவில்லை. அப்போது நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று எனக்கு நினைவில்லை.

படத்தைப் பார்த்துவிட்டுத்தான் முடிவு சொல்வேன் என்றேன். அவள் முகம் மாறிவிட்டது. "பாக்காமயே முடியாதுன்னு சொல்லிருங்களேன். நான் போகல" என்றாள். இத்தனை ஆசைப்பட்டவள், நான் படம் பார்க்கக்கூடாது என்பதற்காகப் போகாமலே இருக்கிறேன் என்கிறாள். அப்படி என்ன அசிங்கம் செய்து வைத்திருக்கிறாளோ என்று பயமாகிவிட்டது.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

மேட்னி போனேன். தனியாக.

முதலில் என் தொழில்முறைக் கருத்து: ரயில் காட்சியில் பெட்டி எண் தவறு. கதாநாயகி இடைவேளைக்குள் மூன்று முறை குளிக்கிறாள். எங்கள் பகுதியில் குழாயில் தண்ணீர் வருவதே நான்கு நாளைக்கு ஒரு தடவை. ரத்தத்தின் நிறம் காட்சிக்குக் காட்சி மாறுகிறது. அந்த ஒன்றேகால் மதிப்பெண்காரன் சொன்னதில் பாதி நியாயம்.

பிறகு பேய் வந்தது.

ஓடி வரவில்லை. கத்தவில்லை. பங்களா வராந்தாவில், பின்னால் கையைக் கட்டிக்கொண்டு, அவசரமே இல்லாமல் நடந்து வந்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒருவன் முன்னால் நின்றது. தொண்டையை இரண்டு முறை செருமியது. வலது கையை நீட்டியது, உள்ளங்கை மேலே பார்க்க. அப்புறம் ஆட்காட்டி விரலையும் நடுவிரலையும் மட்டும் இரண்டு தடவை மடக்கி நிமிர்த்தியது.

அந்த ஆள் பர்ஸைக் கொடுத்தான். பேய் வாங்கவில்லை. வாட்சைக் கழற்றிக் கொடுத்தான். வாங்கவில்லை. மோதிரம், சங்கிலி, கையில் இருந்த பரோட்டா. கை அப்படியே நின்றது. என்ன கேட்கிறது என்று அவனுக்குப் புரியவில்லை. பேயும் சொல்லவில்லை. மறுபடி செருமியது. அவன் 'என்னான்னு தெரியலயே, என்னான்னு தெரியலயே' என்று அழுதான். அதற்குப் பிறகுதான் குடல்.

தியேட்டர் அலறியது. எனக்கு இந்தப் பேயை எங்கேயோ பார்த்திருக்கிறோம் என்று மட்டும் தோன்றியது. பழைய கோட்டப் பொறியாளர் ஒருவர் இப்படி நிற்பார். அவர்தான் என்று முடிவு செய்தேன்.

இடைவேளையில் கேன்டீனில் கூட்டம். காப்பி கேட்டு ஆள் ஆளுக்குக் கத்திக்கொண்டிருந்தார்கள். நான் கத்துகிற ஆள் இல்லை. இடம் கிடைத்ததும் செருமிவிட்டுக் கையை நீட்டினேன்.

பப்ஸ் தட்டைப் பிடித்திருந்தவர் அதைக் கீழே போட்டுவிட்டார். என் பக்கத்தில் நின்ற பெண் வீல் என்று கத்தினாள். அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள். காலேஜ் பிள்ளை ஒருத்தி செல்போனை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"தாத்தா, சூப்பர். எத்தன தடவ படம் பாத்தீங்க? அந்தப் பேய் மாரியே அச்சு அசலா செய்றீங்க. இன்னொரு தடவ செய்ங்க தாத்தா."

என் கை இன்னும் நீட்டியபடியே இருந்தது. இரண்டு விரலும் மடங்கியிருந்தன. நான் அதைப் பார்த்தேன். அறுபத்தாறு வருடமாக என்னோடு இருக்கிற கை. அதை எதிரில் நின்று பார்த்தவர்கள்தான் எல்லோரும், நான் பார்த்ததில்லை.

"இதான் மொதத் தடவம்மா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன். காப்பி வாங்கவில்லை.

இரண்டாம் பாதியில் எனக்குக் குடல் ஒன்றும் கண்ணில் படவில்லை. கையை மட்டும் பார்த்தேன். துண்டுக்கு நீட்டுகிற கை. ரிமோட்டுக்கு நீட்டுகிற கை. ரேங்க் கார்டு வாங்க மங்கையிடம் நீட்டிய கை. பக்கத்து சீட்டில் ஒரு பெண்பிள்ளை துப்பட்டாவுக்குள் முகத்தை மூடிக்கொண்டு, போயிருச்சா, போயிருச்சா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். மங்கையும் சின்ன வயதில் கதவுக்குப் பின்னால் இருந்து அம்மாவிடம் எதையோ இப்படிக் கேட்பாள். என்ன கேட்டாள் என்பது எனக்கு இன்று மூன்றே முக்கால் மணிக்குத்தான் தெரிந்தது.

கடைசியில் எல்லோரும் செத்து, நான்காவது குளியலில் இருந்து வந்த கதாநாயகி மட்டும் மிச்சம். பேய் அவள் முன்னால் கை நீட்டுகிறது. அவள் ஓடவில்லை. ஈரத் தலையோடு இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"என்ன வேணும்? வாயத் தொறந்து கேளு. குடுக்க மாட்டேன்னா சொல்லப்போறேன்?"

கை மெதுவாகக் கீழே இறங்கியது. பேய் சாம்பலாகிக் கொட்டிவிட்டது. இதென்ன முடிவு என்று பின்வரிசையில் ஒருவன் கெட்ட வார்த்தையில் திட்டினான். இன்னொருவன் எழுந்து நின்று கைதட்டினான். இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டார்கள்.

வசனம் தினகர் என்று போட்டார்கள். அந்த ஒரு வசனம் அவன் எழுதியது இல்லை. அந்தக் குரலை எனக்குத் தெரியும். எங்கள் அடுப்படிக்குள் பாத்திரத்தோடு பாத்திரமாக அது எத்தனையோ வருடம் முணுமுணுத்திருக்கிறது. நான் டி.வி. சத்தத்தைக் கூட்டியிருக்கிறேன்.

எழுத்து ஓடி முடிகிற இடத்தில், 'நன்றி: திரு. தவசிலிங்கம், டி.டி.ஆர். (ஓய்வு)'.

வெட்கமாக இருந்தது. கூட்டம் போகிற வரை உட்கார்ந்திருந்தேன்.

ஆகஸ்ட் 21, புதன்

மோட்டார் ரிப்பேர் ஆள் வந்தார். சரியாகிவிட்டது. வேறொன்றும் இல்லை.

ஆகஸ்ட் 22, வியாழன்

நேற்று முழுக்க நான் எதற்கும் கை நீட்டவில்லை. அதனால் நேற்று முழுக்கக் காப்பியும் கிடைக்கவில்லை. சௌந்தரமும் படத்தைப் பற்றிக் கேட்கவில்லை. அடுப்படியில் பாத்திரம்கூடச் சத்தமில்லாமல் வைத்தாள்.

இன்று காலை நாற்காலியில் உட்கார்ந்ததும் கை தானாக எழுந்தது. பிடித்து மடியில் வைத்தேன். தொண்டை அரித்தது. எச்சிலை விழுங்கினேன்.

"சௌந்தரம், காப்பி கெடைக்குமா?"

உள்ளே ஒரு டம்ளர் விழுந்தது. ஓடி வந்தாள். என் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள், அப்புறம் கழுத்தில். "என்னங்க செய்யுது? நெஞ்சு வலிக்குதா? மங்கைக்குப் போன் போடவா?"

"ஒண்ணும் செய்யல. படம் பாத்தேன்."

அப்படியே நின்றுவிட்டாள். முந்தானையைத் திருகினாள். "கோவமா?"

"கை நல்லா நடிச்சிருக்கு" என்றேன். "நடை கொஞ்சம் வேகம். நான் அவ்வளவு வேகமா நடக்க மாட்டேன்."

அவள் அழுவாள் என்று நினைத்தேன். சிரித்தாள். சிரித்துக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அந்த லைட்மேன் மூஞ்சியப் பாத்துருக்கணுங்க நீங்க" என்று ஆரம்பித்து, பதினெட்டு நாள் கதையையும் சொன்னாள். இவள் இவ்வளவு பேசுவாள் என்று எனக்குத் தெரியாது. காப்பி வர ஒரு மணி நேரம் ஆனது. தாமதத்தைப் பதிவு செய்யவில்லை.

'நடுநிலை ரசிகன்' எழுதியதை எப்படி அழிப்பது என்று அவளிடமே கேட்டேன். ஒன்றும் ஆச்சரியப்படாமல் போனை வாங்கி அழித்துக் கொடுத்தாள்.

ஆகஸ்ட் 30, வெள்ளி

சௌந்தரத்தைத் தென்காசி வண்டியில் ஏற்றிவிட ஸ்டேஷன் போனேன். வாழ்க்கையில் முதல் தடவையாகப் பிளாட்பாரம் டிக்கெட் எடுத்தேன். கவுன்டரில் பேசித்தான் வாங்கினேன்.

ஜன்னல் ஓரம் உட்கார்ந்தவள் கம்பி வழியாகக் கையை நீட்டினாள். உள்ளங்கை மேலே. இரண்டு விரல் மடங்கி நிமிர்ந்தது.

தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தேன். வாங்கவில்லை. பழப் பையைக் கொடுத்தேன். பேப்பரைக் கொடுத்தேன். பச்சைக் கொடி காட்டியாயிற்று, கை அப்படியே நிற்கிறது. சட்டைப் பை, வேட்டி மடிப்பு எல்லாம் துழாவினேன். என்ன கேட்கிறாள் என்று தெரியவில்லை. வியர்த்துவிட்டது. சேலத்தில் மயங்கி விழுந்தவர் மேல் எனக்கு மரியாதை வந்தது.

"என்ன வேணும்? வாயத் தொறந்து கேளு" என்றேன். "குடுக்க மாட்டேன்னா சொல்லப்போறேன்?"

"ஒங்க கையத்தான்" என்றாள்.

கொடுத்தேன். வண்டி நகர்கிற வரை பிடித்திருந்தாள். பெட்டிக்குள் இளவயது டி.டி.ஆர். ஒருவர் எதிர் சீட்டுப் பெண்ணின் முன்னால் வந்து நின்று, பேசாமல் கையை நீட்டினார். அவள் போட்ட சத்தத்தில் அவரே பயந்து பின்னால் சாய்ந்தார். சௌந்தரம் ஜன்னலில் தலையை முட்டிக்கொண்டு சிரித்தது கடைசிப் பெட்டி தாண்டும் வரை எனக்குக் கேட்டது.

வீட்டுக்கு வந்து நானே காப்பி போட்டேன். சீனி கூடிவிட்டது. இரண்டு முறை செருமிப் பார்த்தேன். யாரும் வரவில்லை. குடித்துவிட்டேன்.